தண்ணீரில் நனைத்த பிறகுதான் அளவு

நான் பின்னிய முதல் ஸ்வெட்டரை ஒருநாளும் போட்டதில்லை. மார்புச் சுற்று 100 சென்டிமீட்டர் வரவேண்டியது, 84-க்குக் கிட்டத்தில் நின்றுவிட்டது. மூன்று மாத உழைப்பை வீணாக்க மனமில்லாமல் அண்ணன் மகளுக்குக் கொடுத்தேன். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "அத்தை, இது தானாவே நிக்குது" என்று மேசைமேல் நிறுத்திக் காட்டினாள். நின்றது, அட்டைப் பெட்டி மாதிரி.

பின்னலில் பிழை இல்லை. வரிசை வரிசையாக எண்ணித்தான் போட்டிருந்தேன். பிழை ஊசியில். எனக்குப் பின்னக் கற்றுக்கொடுத்த பெரியம்மா தன்னுடைய பழைய அலுமினிய ஊசிகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எண். நான் எடுத்த பேட்டர்ன் (பின்னல் குறிப்பு) "8-ம் நம்பர் ஊசி" என்றது, பையிலும் ஒரு 8 இருந்தது, எடுத்துப் பின்னிவிட்டேன். பேட்டர்ன் அமெரிக்கக் கணக்கு. பெரியம்மாவின் ஊசி பழைய பிரிட்டிஷ் கணக்கு. அமெரிக்கக் கணக்கில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். பழைய பிரிட்டிஷ் கணக்கில் எண் ஏற ஏற மெலியும். அமெரிக்க 8 என்பது 5 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் 8 என்பது 4 மில்லிமீட்டர். இதில் வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ் 6 தான் 5 மில்லிமீட்டர், அமெரிக்க 6 தான் 4 மில்லிமீட்டர். ஆளைக் கவிழ்க்கவென்றே இரண்டு எண்ணும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. இப்போது நான் எந்த எண்ணையும் நம்புவதில்லை, மில்லிமீட்டர் மட்டும்தான். ஓட்டை போட்ட அளவுத் தகடு ஒன்று வைத்திருக்கிறேன். ஊசி எந்த ஓட்டையில் இழுபறி இல்லாமல், லொடலொடக்காமலும் நுழைகிறதோ அதுதான் அதன் அளவு.

ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். பேட்டர்னில் 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணி, அதாவது ஊசியில் விழும் நூல் வளையம், என்று போட்டிருந்தது. அதனால் 100 சென்டிமீட்டருக்கு 180 கண்ணி. என் மெல்லிய ஊசியில் 10 சென்டிமீட்டருக்கு இருபத்தொன்றரைக் கண்ணி விழுந்தது. அதே 180 கண்ணி 84 சென்டிமீட்டரில் அடங்கிவிட்டது. கண்ணிகள் நெருங்கி நெருங்கி உட்கார்ந்ததால்தான் அந்த விறைப்பும். அதே நூலில், அதே ஊசியில் அளவு பார்க்கச் சின்னதாக ஒரு மாதிரித் துண்டு பின்னியிருந்தால் ஒரு சாயங்காலத்திலேயே தெரிந்திருக்கும். பின்னவில்லை. முதல் ஸ்வெட்டருக்கு முன்னால் மாதிரித் துண்டு பின்னிய யாரையும் இதுவரை நான் பார்த்ததில்லை.

பெரியம்மாவிடம் கேட்டேன், "நீங்க மட்டும் எப்படிப் பெரியம்மா துண்டு போடாமலே பின்றீங்க?" அவர் கையை விரித்துக் காட்டினார். "ரெண்டு சாண், நாலு விரல். அவ்வளவுதான்மா." அப்போது அது வித்தை மாதிரித் தெரிந்தது. பிறகுதான் விளங்கியது: நாற்பது வருஷமாக அவர் ஒரே தடிமன் கம்பளி, ஒரே இரண்டு ஜோடி ஊசி, ஒரே நிட்-பர்ல் (நேர்க்கண்ணி, மறுகண்ணி) பின்னல் என்று இருந்தவர். அவர் அதுவரை பின்னிய எல்லா ஸ்வெட்டரும் அடுத்த ஸ்வெட்டருக்கு மாதிரித் துண்டு. நானோ ஒரு மாதம் கம்பளி, மறுமாதம் பருத்தி, அதற்கடுத்து மூங்கில் விஸ்கோஸ் என்று தாவுகிறவள். என் சாண் எதற்கும் உதவாது.

மாதிரித் துண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் போடுகிறவர்களிலும் பாதிப் பேர் தங்களையே ஏமாற்றிக்கொள்ளும் விதமாகத்தான் போடுகிறார்கள். நானும் செய்திருக்கிறேன். சரியாகப் பத்து சென்டிமீட்டர் துண்டு பின்னி, ஊசியில் இருக்கும்போதே ஸ்கேலை வைத்து, கொஞ்சம் இழுத்துவிட்டு, "ஆங், 22 வருது" என்று திருப்திப்படுவது. ஓரக் கண்ணிகள் எப்போதும் சுருண்டு கோணலாக இருக்கும்; அவற்றை எண்ணக்கூடாது. அதனால் துண்டு குறைந்தது 15 சென்டிமீட்டர் சதுரமாக இருக்கட்டும், நடுவில் உள்ள பத்தை மட்டும் எண்ணுங்கள். அரைக் கண்ணி வந்தால் அரையையும் எழுதுங்கள். 10 சென்டிமீட்டரில் அரைக் கண்ணி என்பது நூறில் ஐந்து கண்ணி, அதாவது இரண்டு சென்டிமீட்டருக்கு மேல்.

அடுத்தது, அதைத் துவைத்துக் காயவைக்க வேண்டும். முடிந்த சட்டையை எப்படித் துவைக்கப் போகிறோமோ அதே மாதிரி. இங்கேதான் எனக்கு இரண்டாவது அடி. மெஷினில் துவைக்கலாம் என்று போட்ட சூப்பர்வாஷ் கம்பளியில் ஒரு சாம்பல் நிறப் புல்லோவர் பின்னினேன். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கும். சூட்டிலும் கசக்கலிலும் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதால்தான் சாதாரணக் கம்பளி சுருங்கித் தடித்த கெட்டித் துணியாகிவிடுகிறது. சூப்பர்வாஷில் அந்தச் செதில்களை ரசாயனத்தால் மழுக்கி, மேலே மெல்லிய பூச்சு கொடுத்துவிடுகிறார்கள். சுருங்காது, சரி. ஆனால் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவும் செய்யாது. வழுக்கி வழுக்கி நீளும். போட்டுப் பார்த்தபோது மணிக்கட்டில் நின்ற கை, முதல் துவைப்புக்குப் பிறகு விரல் கணுக்களைத் தொட்டது. துண்டை மட்டும் துவைத்திருந்தால் இந்தக் கதை இல்லை.

இன்னொன்று. வட்ட ஊசியில் (வளையும் வடத்தால் இணைந்த இரண்டு முனை) சுற்றிச் சுற்றிப் பின்னப் போகிற சட்டைக்குத் துண்டையும் சுற்றியே பின்ன வேண்டும். தட்டையாகப் பின்னினால் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல். சுற்றிப் பின்னினால் எல்லாமே நிட். பலருக்கு பர்ல் வரிசை கொஞ்சம் தளர்வாக விழும். எனக்கு அப்படித்தான். தட்டையில் 21 வருகிற நூல் சுற்றில் 22 வருகிறது.

இதெல்லாம் கம்பளிக்கு. கோடைக்கான டாப் பின்ன ஆரம்பித்தபோதுதான், நான் கற்றதில் பாதி கம்பளியின் பெருந்தன்மை என்று தெரிந்தது.

கை வைக்காத ஒரு டாப், பச்சைப் பருத்தி நூல், டிகே எனும் நடுவாந்தரத் தடிமன். ஊசியிலிருந்து இறக்கியபோது நீளம் 52 சென்டிமீட்டர், இடுப்பெலும்புக்கு மேலே அழகாக நின்றது. காலையில் போட்டுக்கொண்டு போனேன். மத்தியானத்துக்குள் அடிக்கடி கீழே குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன். சாயங்காலம் அளந்தால் 57. சரி, துவைத்தால் பழையபடி வந்துவிடும் என்று துவைத்து, வழக்கம்போலக் கொடியில் போட்டேன். செய்யக்கூடாததில் முதலாவது அதுதான். காய்ந்தபின் 63. அக்குள் ஓட்டை விலாவுக்கு இறங்கியிருந்தது. கழுத்து ஒரு தோளிலிருந்து நழுவி, மறு தோளில் உட்கார்ந்தது.

கம்பளி இழை இயற்கையிலேயே சுருள் சுருளாக இருக்கும். ஸ்பிரிங் மாதிரி இழுபடும், விட்டால் திரும்பும். பருத்தி இழையில் அந்தச் சுருள் கிடையாது. இழுத்தால் இழுத்த இடத்தில் இருக்கும். போதாததற்கு, பருத்தி இழை கம்பளி இழையைவிட அடர்த்தி கூடியது. அதே அளவு சட்டை பருத்தியில் கனமாக இருக்கும். நனைந்தால் தண்ணீரின் கனமும் சேரும். என் பச்சை டாப் காய்ந்த நிலையிலேயே 380 கிராம். அத்தனையும் இரண்டு தோள்பட்டைக் கோட்டில் தொங்குகிறது. நீளாமல் என்ன செய்யும்?

அதற்குப் பிறகு கோடை டாப்பில் நான் மாற்றிக்கொண்டவை பல. முதலில் நூலின் தடிமன். டிகே நூல் 100 கிராமுக்கு 200 மீட்டரிலிருந்து 250 மீட்டர் வரை வரும். 4-பிளை ரக நூல் 400 மீட்டருக்குப் பக்கத்தில் வரும். மெல்லிய நூலை எடுத்தால் வேலை கூடும், ஆனால் சட்டையின் கனம் கணிசமாகக் குறையும். வெயிலில் போடுவதற்குத் தடித்த பருத்திச் சட்டை எதற்கு என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் நீளாமல் நிற்கும். தூய பருத்தியின் குளுமை இருக்காது. லினன் ஊசியில் இருக்கும்போது சணல் கயிறு மாதிரி முரண்டு பிடிக்கும், துவைக்கத் துவைக்க இளகும், சீக்கிரம் காயும். மூங்கில் விஸ்கோஸ் பட்டு மாதிரி வழியும், அதனாலேயே பருத்தியைவிட மோசமாக நீளும். மெர்சரைஸ்டு பருத்தி எனக்குப் பிடித்தது. 1844-ல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் காஸ்டிக் சோடாவில் பருத்தியை நனைத்துக் கண்டுபிடித்த முறை அது. பிறகு வந்தவர்கள் நூலை இழுத்துப் பிடித்தபடி நனைக்கப்போய்த்தான் பளபளப்பும் கிடைத்தது. பின்னலின் ஒவ்வொரு கண்ணியும் தெளிவாகத் தெரியும், அதாவது தப்பும் தெளிவாகத் தெரியும்.

மாதிரித் துண்டில் ஒரு வேலையைக் கூட்டினேன். துவைத்துக் காய்ந்த துண்டை மேலே இரண்டு கிளிப்பில் தொங்கவிட்டு, கீழே நாலைந்து துணி கிளிப்பை மாட்டி இரண்டு இரவு விடுவது. பிறகு அளப்பது. 15 சென்டிமீட்டர் துண்டு 16 ஆகிறது என்றால் 48 சென்டிமீட்டர் பின்னினால் 51 ஆகும் என்று வைத்துக்கொள்கிறேன். முழுச் சட்டையின் கனம் கிளிப்பின் கனத்தைவிட வேறு, தெரியும். துல்லியமான கணக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பச்சை டாப்புக்குப் பிறகு எதுவும் எனக்கு முழங்காலை நோக்கி இறங்கவில்லை.

தோள்பட்டையில் தையல் வேண்டும் என்பதும் அப்படிக் கற்றதுதான். தையலே இல்லாமல் கழுத்திலிருந்து ஒரே துண்டாகப் பின்னுவது கம்பளியில் சுகம். பருத்தியில் தோளைத் தாங்கிப் பிடிக்க ஒரு கோடு இருந்தாக வேண்டும். முன்பக்கம், பின்பக்கம் தனித்தனியாகப் பின்னித் தோளில் இறுக்கமாகச் சேர்த்தால் அந்தச் சேர்மானமே எலும்பாக நிற்கும். ஒரே துண்டாகப் பின்னிவிட்டீர்கள் என்றால், உள்பக்கம் குரோஷா ஊசியால் பின்கழுத்து, தோள் வழியாக ஒரு சங்கிலித் தையல் ஓட்டுங்கள். பச்சை டாப்பை ஓரளவு மீட்டது இந்த ஒரு வரிதான். நீளத்தை அடியிலிருந்து அவிழ்த்துக் குறைத்தேன்.

பருத்தி பின்னினால் கை வலிக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். கம்பளி நூல் விரலோடு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பருத்தி கொடுக்காது. ஒவ்வொரு கண்ணிக்கும் விரல்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்துவிடுவேன். ஒரு வாரம் எழாமல் பின்னி, கட்டைவிரல் அடி வீங்கி மூன்று வாரம் ஊசியைத் தொட முடியாமல் இருந்தேன்.

அளவு விஷயத்தில் இன்னொரு பாடம், உடம்பை அளக்காதீர்கள் என்பது. அதாவது, உடம்பை மட்டும் அளக்காதீர்கள். அலமாரியில் உங்களுக்குப் பொருந்திப் போகிற, நீங்கள் விரும்பிப் போடுகிற சட்டை ஒன்று இருக்கும். அதைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்குங்கள். உடம்பு அளவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் தளர்வு. எனக்குக் குளிர்கால ஸ்வெட்டரில் 8 முதல் 10 சென்டிமீட்டர் தளர்வு பிடிக்கும், உள்ளே ஒரு சட்டை போட வேண்டுமே. உடம்போடு ஒட்டுகிற ரிப் டாப்பில் தளர்வு பூஜ்யமாகவோ கழித்தலாகவோ இருக்கலாம். பேட்டர்னில் "மீடியம்" என்று போட்டிருப்பதை நம்பிப் போனால் அது எழுதியவரின் மீடியம்.

சரி, மொத்தக் கண்ணி தெரிந்துவிட்டது. கைக்கு எத்தனை, கழுத்துக்கு எத்தனை? இதற்குப் பேட்டர்னே வேண்டாம் என்று எனக்குக் காட்டியது ஒரு சதவீதக் கணக்கு. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் என்ற பின்னல் ஆசிரியை பரப்பியது. உடம்பின் கண்ணி எண்ணிக்கையை நூறு என்று வைத்துக்கொண்டால் மணிக்கட்டு 20, மேல்கை 33, அக்குளில் ஒதுக்குவது 8, கழுத்து 40. என் கணக்கில், 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, மார்பு 100 சென்டிமீட்டர், ஆக 220 கண்ணி. மணிக்கட்டு 44, மேல்கை ஏறத்தாழ 72, அக்குள் 18, கழுத்து 88. முதல் தடவை இதைத் துண்டுச் சீட்டில் எழுதியபோது, கண்ணைக் கட்டி விட்டிருந்த காட்டில் யாரோ கட்டை அவிழ்த்த மாதிரி இருந்தது. எனக்கு மேல்கை கொஞ்சம் பருமன், அதனால் 33-ஐ 36 ஆக்கிக்கொள்கிறேன். உங்களுக்கு எது என்று இரண்டாவது ஸ்வெட்டரில் தெரியும்.

கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்கோடாக இறங்கும் ராக்லன் கையில் இந்தக் கணக்கு ஒரு பொறியைக் காட்டிக் கொடுத்தது. (வாட்டர்லூ போரில் வலக்கையை இழந்த ராக்லன் பிரபுவின் பெயர்தான் அந்தக் கைக்கு. ஸ்வெட்டர் சாத்திரத்தில் போர்க்கள வாடை நிறைய. கார்டிகனும் ஒரு படைத்தலைவர் பெயர்.) ராக்லனில் நாலு கோடு. கோட்டுக்கு இருபுறமும் ஒவ்வொன்றாக, ஒரு சுற்றுக்கு 8 கண்ணி கூடும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கூட்டு என்பார்கள். கழுத்து 88-ல் ஆரம்பிக்கிறோம். அக்குளைப் பிரிக்கும்போது (அக்குளுக்கு ஒதுக்கிய 18-ஐ உடம்பில் இரண்டு பக்கமும், ஒவ்வொரு கையிலும் கழித்து) உடம்புக்கு 184, இரண்டு கைக்கும் சேர்த்து 108, ஆக 292 வேண்டும். 204 கூட வேண்டும், எட்டெட்டாக 26 தடவை. ஒன்று விட்டு ஒன்று என்றால் 52 வரிசையில் முடிந்துவிடும். என் பின்னலில் 10 சென்டிமீட்டருக்கு 30 வரிசை. 52 வரிசை என்பது 17 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். எனக்குக் கழுத்திலிருந்து அக்குளுக்கு 22 வேண்டும். அப்படியே பின்னினால் அக்குள் இறுக்கி, கையைத் தூக்கினால் மொத்தச் சட்டையும் கூடவே தூக்கும். தீர்வு எளிது: முதல் 19 தடவை ஒன்று விட்டு ஒன்று, மீதி 7 தடவை நாலு வரிசைக்கு ஒருமுறை. 38-ம் 28-ம் 66 வரிசை, சரியாக 22 சென்டிமீட்டர். மாதிரித் துண்டில் கண்ணியை எண்ணுகிறவர்கள் வரிசையை எண்ணாமல் விடுவது இங்கேதான் வந்து பிடிக்கும்.

தப்புகளுக்கு வருவோம். வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும் லேஸ் பின்னல் கோடை டாப்புக்கு ரொம்பப் பொருத்தம். தத்துவம் சுலபம்: நூலை ஊசிமேல் ஒரு சுற்று போட்டால் ஒரு கண்ணி கூடி ஓட்டை விழும், பக்கத்தில் இரண்டைச் சேர்த்துப் பின்னினால் கூடியது கழியும். சேர்த்துப் பின்னுவதில் ஒன்று வலப்பக்கம் சாயும், இன்னொன்று இடப்பக்கம் சாயும். அந்தச் சாய்வை வைத்துத்தான் இலையும் பூவும். கழித்தலை மறந்தால் அந்த வரிசையில் தெரியாது. நாலு வரிசை கழித்து இலை கோணும்போதுதான் தெரியும்.

ஓர் இரவு, வெள்ளை லினனில் 41-வது வரிசை. ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவியது. சாதாரணப் பின்னலில் நழுவினால் பயமில்லை. கண்ணி ஏணி மாதிரிப் படிப்படியாகக் கீழே இறங்கும். குரோஷா ஊசியை அந்தக் கண்ணிக்குள் விட்டு, மேலே குறுக்காகக் கிடக்கும் கம்பி ஒன்றைப் பிடித்து உள்ளே இழுத்தால் ஒரு படி ஏறும், அடுத்த கம்பி, அடுத்த படி. இது லேஸ். அந்த ஏணியில் ஒரு படி ஓட்டை, ஒரு படி இரண்டு கண்ணியின் கூட்டு, எது எதற்குச் சொந்தம் என்று பிரிக்க முடியவில்லை. நான் இழுக்க இழுக்கப் பக்கத்துக் கண்ணியும் அவிழ்ந்தது. விளக்கைக் கிட்டத்தில் இழுத்து, மூக்கு நூலில் படுகிற தூரத்தில் குனிந்து, ஒரு மணி நேரம். கடைசியில் 41 வரிசையும் அவிழ்த்து உருண்டையாகச் சுற்றிவிட்டுப் படுத்தேன்.

இப்போது பத்து வரிசைக்கு ஒருமுறை வேறு நிறத்தில் வழுவழுப்பான மெல்லிய நூலைத் தையல் ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிக்குள்ளும் ஓட்டிவிடுகிறேன். காப்பு நூல். அதற்கு மேலே எது அவிழ்ந்தாலும் அந்த நூலில் வந்து நிற்கும். அதை எந்த வரிசையில் போட்டேன் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். குறிக்காமல் ஒருமுறை அவிழ்த்து, இது பேட்டர்னின் எந்த வரிசை என்று தெரியாமல் விழித்தது தனிக் கதை.

நூல் வாங்குவதில் ஒன்றே ஒன்றுதான் சொல்லத் தோன்றுகிறது. உருண்டைத் தாளில் நிற எண்ணோடு டை லாட் எண்ணும் (ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியின் எண்) இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிற மாதிரி, கணக்குக்கு மேல் ஓர் உருண்டை கூட வாங்குங்கள். வேறு லாட் கலந்த என் நீல ஸ்வெட்டரில் இடக்கையின் நடுவில் ஒரு கோடு விழுகிறது. வீட்டுக்குள் தெரியாது, வெயிலில் நின்றால் பட்டை போட்ட மாதிரித் தெரியும். வேறு வழியில்லை என்றால் பழைய உருண்டையில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னி நிறத்தைக் கரைத்துவிடலாம். நூல் போதுமா என்று சந்தேகம் வந்தால் முதல் கையைத் தராசில் வையுங்கள். 62 கிராம் என்றால் இரண்டாவது கைக்கும் 62 வேண்டும். இரண்டு கையையும் ஒரே நீள வட்ட ஊசியில், இரண்டு உருண்டையிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் பின்னுவது இன்னும் நல்லது. ஒரு கை முடித்த சலிப்பில் மறு கையை ஆறு மாதம் தொடாமல் கிடத்தியிருக்கிறேன்.

கழுத்துப் பட்டிக்கு ஓரத்திலிருந்து கண்ணி எடுக்கும்போது நேராக ஏறும் பகுதியில் நாலு வரிசைக்கு மூன்று கண்ணி. நாலுக்கு நாலு எடுத்தால் அலை அலையாக நிற்கும். கண்ணி முடிக்கும்போது ஒரு அளவு தடித்த ஊசி, இல்லையென்றால் தலை நுழையாது. நுழையாத ஒரு கழுத்தோடு கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறேன், ஒரு காது வெளியே, ஒரு காது உள்ளே.

நூல் முனைகளை மறைப்பதில் கம்பளி மறுபடியும் பெருந்தன்மை. சூப்பர்வாஷ் இல்லாத கம்பளி என்றால் இரண்டு முனையையும் கொஞ்சம் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உள்ளங்கையில் ஈரத்தோடு சூடு பறக்கத் தேய்த்தால் ஒன்றாகிவிடும். மறைக்க முனையே இருக்காது. பருத்தியில் அது நடக்காது, வழுக்கி வெளியே வரும். குறைந்தது 15 சென்டிமீட்டர் வால் விட்டு, கூரான தையல் ஊசியால் நூலின் இழைகளைக் குத்திக்கொண்டே குறுக்காக ஒரு திசையிலும் பிறகு எதிர்த் திசையிலும் ஓட்டுகிறேன்.

துவைப்பது இரண்டுக்கும் ஒரே மாதிரி: வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, டவலில் சுருட்டி அதன்மேல் ஏறி நின்று ஈரத்தை எடுத்து, தட்டையாக விரித்துக் காயவைப்பது. அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேண்டிய அகலத்துக்கும் நீளத்துக்கும் கையால் ஒதுக்கிவிட்டால் அப்படியே காயும். அக்ரிலிக்கில் மட்டும் சூடான இஸ்திரிப் பெட்டியைத் தொடவிடாதீர்கள். ஒரு நொடியில் உயிர் போய்த் தொளதொளவென்று ஆகிவிடும், திரும்ப வராது.

உடம்பில் குத்துகிறது என்று கம்பளியை ஒதுக்குகிறவர்கள் நிறைய. இழையின் தடிமன்தான் காரணம். 30 மைக்ரானைத் தாண்டிய இழைகள் தோலில் மடங்காமல் குத்தும். நல்ல மெரினோ 20-க்குக் கிட்டத்தில் இருக்கும். வாங்கும்முன் உருண்டையைக் கழுத்தில் வைத்து ஐந்து நிமிஷம் இருந்து பாருங்கள். உள்ளங்கைக்குத் தெரியாதது கழுத்துக்குத் தெரியும். எடுத்து வைக்கும்போது துவைத்துவிட்டு வையுங்கள், காற்றுப் போகாதபடி மூடிய பையில். துணிப்பூச்சியின் புழு கம்பளியின் புரதத்தைத் தின்னும். வியர்வையும் கறையும் இருந்தால் விருந்து. பூச்சி பட்டது என்று சந்தேகம் வந்த ஸ்வெட்டரை பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். பருத்தி டாப்புகளுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஒன்றிலாவது அவை மேல்.

இப்போது ஊசியில் எதுவும் இல்லை. நீல லினனில் முக்கால் கை டாப் ஒன்று யோசித்திருக்கிறேன். மூன்று துண்டு பின்னியாயிற்று, 3 மில்லிமீட்டரில் ஒன்று, 3.25-ல் ஒன்று, 3.5-ல் ஒன்று. மூன்றும் துவைத்து, ஜன்னல் கம்பியில் வரிசையாகத் தொங்குகின்றன, அடியில் கிளிப்புகளோடு, எதற்கோ தண்டனை அனுபவிக்கிற மாதிரி. நேற்று பெரியம்மா போன் செய்தார்.

"என்னம்மா, டாப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கு?"

"இன்னும் கண்ணியே ஏத்தலை பெரியம்மா. துண்டு தொங்குது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எத்தனை நாளா?" என்றார்.

"ரெண்டு நாளா."

"நீண்டுச்சா?"

"ஒரு அரை விரக்கடை."

"அப்ப இன்னும் ஒரு நாள் விடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.